குறுக்கே பதினைந்து நிமிடம்

ஜனவரி 14, ஞாயிறு

மகள் ரூனாவை விமானம் ஏற்றிவிட்டு வந்தேன். கழுத்தில், தனியாகப் பறக்கும் பிள்ளைகளுக்கான அந்தப் பிளாஸ்டிக் பை. அதற்குள் அவள் பெயர், என் பெயர், அவள் அம்மா தோர்டிஸின் தொலைபேசி எண். பதினொரு வயதுப் பெண், பள்ளிக்கூட பஸ் ஏறுகிற மாதிரி ஏறிப் போகிறாள். பணிப்பெண் அவள் தொப்பியை இழுத்துச் சரிசெய்து உள்ளே கூட்டிப் போனாள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கை ஆட்டினேன். என் வேலை அவ்வளவுதான்.

ஊருக்குத் திரும்பும் பஸ் பாதி வழி வருவதற்குள் செய்தி வந்துவிட்டது: "வந்துட்டேன்." என் ஊர் கிர்கெனெஸுக்கும் அவர்கள் ஊர் வாட்சோவுக்கும் நடுவில் இருப்பது ஃபியோர்டின், நிலத்துக்குள் புகுந்த கடலின், தண்ணீர் மட்டும்தான். குறுக்கே பறந்தால் பதினைந்து நிமிடம். சாலையில் போனால் அந்தத் தண்ணீர் முழுவதையும் சுற்றிக்கொண்டு நூற்றெழுபது கிலோமீட்டருக்கு மேல், பனிக்காலத்தில் மூன்று மணி நேரம், அதுவும் சாலை திறந்திருந்தால். தோர்டிஸ் என்னைப் பிரிந்து அங்கே வேலைக்குப் போனபோது இதையெல்லாம் பேசித்தான் முடிவு செய்தோம். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வெள்ளிக்கிழமை ரூனா பறந்து வருவாள், ஞாயிறு பறந்து போவாள். கோடையில் நான் கார் எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பேன். இப்போது காரும் இல்லை. கியர்பாக்ஸ் போய் அக்டோபரிலிருந்து கராஜில் கிடக்கிறது.

இன்று விமான நிலையத்தில் திடீரென்று கேட்டாள்.

"அப்பா, நீ ஏன் ஒரு தடவைகூட பிளேன்ல வர்றதில்ல?"

"வேலை இருக்கும்மா. பனி எப்ப கொட்டும்னு சொல்ல முடியுமா? வண்டி எடுக்க ஆள் வேணும்ல?"

"ம்."

நம்பினாளா? நம்பாமல் என்ன, அப்பன் சொன்னால் நம்பத்தானே செய்வாள்.

ஜனவரி 17, புதன்

பனிக்கால இருட்டு முடிந்து சூரியன் திரும்பி வந்தது. மலைக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு உடனே போய்விட்டது. டிப்போவில் எல்லோருக்கும் ஜாம் வைத்த சூரிய பன் கொடுத்தார்கள். என்னோடு பனி வாரும் வண்டி ஓட்டும் எய்னோ நான்கு தின்றான். மீசையெல்லாம் சர்க்கரை.

அவன் மச்சினி ஸ்வான்ஹில்ட் வேலை விஷயமாக அடிக்கடி வாட்சோ போகிறவள். அவளைப் பற்றிப் பேச்சு வந்தது.

"அது பிளேனா? மினி பஸ்ஸுக்கு ரெக்கை வச்சிருக்கான். அவ உக்காந்து ஒரு குட்டித் தூக்கம் போடலாம்னு கண்ண மூடறதுக்குள்ள எழுந்திரிங்கறானாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.

இதையாவது இங்கே எழுதி வைக்கிறேன். எனக்கு நாற்பத்தாறு வயது. நீட்டிய கை தெரியாத பனிப்புயலில் லாரி ஓட்டுகிறவன். என்னால் அந்த மினி பஸ்ஸில் ஏற முடியாது. ஆறு வருடம் முன்பு தெற்கே போனபோது, காற்றில் விமானம் தடாலென்று கீழே விழுந்து எழுந்தது. "அம்மா!" என்று கத்திவிட்டேன். பக்கத்து இருக்கைப் பெரியவரின் கையைப் பிடித்தவன் தரையிறங்கும்வரை விடவில்லை. அவர் இறங்கும்போது மணிக்கட்டைத் தடவிக்கொண்டே போனார், பாவம். அதற்குப் பிறகு நான் ஏறவில்லை. வேலை, பனி, கார் என்று ஏதாவது ஒன்று கைவசம் இருந்துகொண்டே இருக்கிறது.

இந்தப் பக்கத்தில் பிள்ளைகள் பல் பிடுங்கிக்கொள்ளப் பறந்து போகிறார்கள். இங்கே போய் இதை யாரிடம் சொல்வது?

ஜனவரி 22, திங்கள்

ரூனா தொலைபேசியில் கூவினாள்.

"அப்பா! பேண்டுல எனக்கு சோலோ குடுத்துட்டாங்க! கார்னெட் தனியா வாசிக்கணும், எழுந்து நின்னு!"

பிப்ரவரி இரண்டு, வெள்ளிக்கிழமை மாலை. பள்ளி அரங்கில்.

"நீ வருவியா? பஸ் காலையிலதான், உனக்கு முழு நாள் லீவு தர மாட்டாங்க, தெரியும். ஆனா மத்தியான பிளேன்ல வந்தா சரியா இருக்கும். நான் பாத்து வச்சிருக்கேன்."

பார்த்து வைத்திருக்கிறாளாம். நான் தப்பிக்க நினைத்த வழியையெல்லாம் அவளே அடைத்துவிட்டு, ஒன்றை மட்டும் திறந்து வைத்திருக்கிறாள்.

"வரேன்," என்றேன். வாய் முந்திக்கொண்டது.

தோர்டிஸ் தொலைபேசியை வாங்கினாள். "ஸ்டைனார், நல்லா யோசிச்சுச் சொல்லு. வர்றதுன்னா வா. இல்லன்னா இப்பவே சொல்லிடு, நான் அவகிட்டப் பேசிக்கறேன்."

"அதான் வரேங்கறேன்ல."

எரிந்து விழுந்தேன். எதற்கு? அவள் நியாயமாகத்தானே கேட்டாள்.

டிக்கெட் எடுத்துவிட்டேன்.

ஜனவரி 28, ஞாயிறு

ரூனா வந்து போனாள். இரண்டு நாளும் சமையலறையில் நின்று கார்னெட்டை ஊதித் தள்ளினாள். கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தார். "கை தட்டறார்," என்றாள். இந்த வாய் தோர்டிஸிடமிருந்து வந்தது.

வெள்ளிக்கிழமை மட்டும் கொஞ்சம் கடுகடுத்துவிட்டேன். வாரமெல்லாம் காத்திருந்து டாக்கோ செய்து வைத்தால், வந்தவுடன் தொடவே மாட்டாள். முகம் வெளுத்துப் போய் சோபாவில் சுருண்டு படுப்பாள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் பசி வரும். ஒவ்வொரு முறையும் இதே கதை.

"அங்கேயே எதையாவது தின்னுட்டு வர்றியா?"

"இல்லப்பா. அப்புறம் சாப்பிடறேன்."

தோர்டிஸ் வேண்டுமென்றே வயிறு நிறைய எதையோ கொடுத்து அனுப்புகிறாள் என்றுகூட நினைத்தேன்.

பிப்ரவரி 1, வியாழன்

நாளை. சட்டையை இஸ்திரி போட்டாயிற்று. பதினைந்து நிமிடம் என்ன பெரிய பதினைந்து நிமிடம். பல் டாக்டர் நாற்காலியில் அதைவிட அதிகம் உட்கார்ந்திருக்கிறேன்.

பிப்ரவரி 2, வெள்ளி

போகவில்லை.

எழுதித்தான் தீர வேண்டும். விமான நிலையத்துக்குப் போனேன். பையை எக்ஸ்ரே பார்த்தார்கள். அழைத்தார்கள். எல்லோரும் எழுந்தார்கள், நானும் எழுந்தேன். கதவைத் திறந்ததும் விமானத்தின் விசிறிச் சத்தமும் குளிரும் சேர்ந்து உள்ளே வந்தன — கால் வரவில்லை. சும்மா சொல்லவில்லை. கால் வரவேயில்லை.

"நீங்க ஏறலையா?" என்று வாசலில் நின்ற பெண் கேட்டாள்.

"டாய்லெட் போயிட்டு வந்துடறேன்."

உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். ஒலிபெருக்கியில் என் பெயரை அழைத்தார்கள். மறுபடி அழைத்தார்கள். கைகழுவும் தொட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, விமானச் சத்தம் தேய்ந்து போகும்வரை நின்றேன். கண்ணாடியில் தெரிந்த மூஞ்சியைப் பார்க்கச் சகிக்கவில்லை.

வெளியே வந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து ரூனாவை அழைத்தேன். வானம் பளிச்சென்று இருந்தது. கொடிக்கம்பத்தில் கொடி துவண்டு தொங்கியது.

"கண்ணு, பிளேன் ரத்தாயிடுச்சுடா. காத்து. பறக்க முடியாதுன்னுட்டாங்க."

அந்தப் பக்கம் யாரோ பெட்டியை உருட்டிக்கொண்டு போகிற சத்தம்.

"சரிப்பா," என்றாள். "இங்கயும் காத்து அதிகமாத்தான் இருக்கு."

எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 3, சனி

தோர்டிஸ் நிகழ்ச்சியின் வீடியோ அனுப்பியிருக்கிறாள். கூட ஒரு வார்த்தை இல்லை. நான் இன்னும் பார்க்கவில்லை.

பிப்ரவரி 5, திங்கள்

வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தோம். எய்னோ என் முகத்தைப் பார்க்காமல் ஆரம்பித்தான்.

"வெள்ளிக்கிழமை ஸ்வான்ஹில்ட் வாட்சோ போனா."

"சரி."

"உன்னை ஏர்போர்ட்ல பாத்தாளாம். பக்கத்து சீட்டு உன்னுதுபோல, காலியாவே இருந்துச்சாம். உடம்புக்கு எதாச்சும் ஆயிடுச்சோன்னு கேக்கச் சொன்னா."

"வயித்து வலி."

"அப்படியா." துணியைப் பிழிந்தான். "அங்க இறங்கினா உம் பொண்ணு நிக்குதாம், கண்ணாடிகிட்ட. அம்மாவோட வந்திருக்கு. எல்லாரும் இறங்கி முடிச்சதும் பணிப்பெண்கிட்டப் போய், உள்ள இன்னொருத்தர் இருக்காரா, பெரிய ஆளா இருப்பாருன்னு கேட்டுதாம். அப்பத்தான் போன் வந்துச்சு போல. இவ பெட்டியத் தள்ளிக்கிட்டு பக்கத்துல போறப்ப காதுல விழுந்துச்சு. இங்கயும் காத்து அதிகமாத்தான் இருக்குன்னு சொல்லுச்சாம். போன வச்சுட்டு அவங்க அம்மாகிட்டயும் அதையே சொல்லுச்சாம், அப்பா பிளேன் ரத்தாயிடுச்சுன்னு. பின்னாடியே பிளேன் நிக்குதுடா, ஸ்டைனார்."

 துணியை வாளியில் போட்டுவிட்டுப் போய்விட்டான். அவன் கிண்டல் செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

என்ன மடையன் நான். வாட்சோவில் விமானம் வந்தால் ஊருக்கே கேக்கும். கடையில ரொட்டி வாங்கற கிழவிகூட தலைய தூக்கிப் பாக்கும். அந்த ஊர்ல இருக்கற புள்ளகிட்ட, அதுவும் அந்தக் கண்ணாடிகிட்டயே நிக்கற புள்ளகிட்ட, பிளேன் பறக்கலன்னு சொல்லியிருக்கேன். இருபது வருஷமா இங்க குடியிருக்கேன்! யாராவது சொல்ற பொய்யா இது? காத்துன்னு சொன்னா இங்க யாரும் மறுபேச்சு பேச மாட்டாங்கன்னு பழகிப் போன புத்தி. அவ்வளவுதான்.

பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருக்கிறது.

வீடியோவைப் பார்த்தேன். எழுந்து நின்று வாசித்தாள். நடுவில் ஒரு இடத்தில் மூச்சு நின்று பாட்டு அறுந்தது. இரண்டு நொடி அமைதி. பிறகு விட்ட இடத்திலிருந்து எடுத்து முடித்தாள். நன்றாகத்தான் வாசித்தாள்.

பிப்ரவரி 6, செவ்வாய்

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

பிப்ரவரி 10, சனி

நேற்று வந்தாள். வழக்கம்போலச் சோபாவில் சுருண்டு படுத்தாள். நான் டாக்கோவைச் சூடாக்காமல் விட்டுவிட்டேன். இன்று காலை அப்பமும் பழுப்புச் சீஸும் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். தட்டைப் பார்த்துக்கொண்டுதான் சொல்ல முடிந்தது.

"ரூனா, அன்னிக்குப் பிளேன் ரத்தாகல."

"தெரியும்."

"நான் ஏர்போர்ட்லதான் இருந்தேன். ஏறல. எனக்குப் பயம். வேலை, பனி எல்லாம் சும்மா. எனக்குப் பிளேன்னா பயம், அவ்வளவுதான்."

அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் சீஸைச் சுருட்டி வாயில் போட்டுக்கொண்டாள்.

"எனக்கும்தான்," என்றாள்.

"என்ன எனக்கும்தான்?"

"எனக்கும் பயம். ஒவ்வொரு தடவையும். மேல ஏறும்போது வயிறு கலங்கும். ஒரு தடவ வாந்தி எடுத்துட்டேன், அந்தப் பிளேன் அக்கா துடைச்சுவிட்டாங்க. இப்பல்லாம் அவங்க பக்கத்துல உக்காந்து கையப் பிடிச்சுப்பாங்க."

ரெண்டு வருஷம். ஒன்பது வயசுலேர்ந்து. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கை ஆட்டிக்கொண்டிருந்தேன். வந்து படுத்தவளை, டாக்கோ ஆறுதுன்னு திட்டியிருக்கேன்.

"ஏம்மா சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா அம்மா அனுப்ப மாட்டாங்க. நீயும் வர மாட்ட. அப்புறம் எப்படிப் பாக்கறது?"

கணக்குச் சரியாகத்தான் போட்டிருக்கிறாள். நீயும் வர மாட்ட. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வாட்சோவில் பனி விழுகிறது என்று சொல்வதைப் போலச் சொன்னாள்.

பிப்ரவரி 11, ஞாயிறு

இன்று அவளைத் தனியாகத்தான் ஏற்றிவிட்டேன்.

தெரியாமல் செய்தது வேறு. இன்று எல்லாம் தெரிந்து செய்தேன். கூடவே போகலாம் என்று சனிக்கிழமை முழுக்க நினைத்தேன். டிக்கெட் பக்கத்தைத் திறந்து பார்த்தேன், இடம் இருந்தது. மூடிவிட்டேன். திங்கள் காலை ஐந்து மணிக்கு வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் கேட்கவுமில்லை. கழுத்துப் பையை ஒரு தடவைக்கு மூன்று தடவை சரிசெய்தேன்.

"பதினஞ்சு நிமிஷம்தானேப்பா," என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டாம் தேதியைவிட இன்றுதான் கேவலம்.

பிப்ரவரி 14, புதன்

தோர்டிஸை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பெருமூச்சு விட்டாள்.

"நீ பயப்படுவேன்னு எனக்குத் தெரியாதா? உன் பக்கத்துல பத்து வருஷம் படுத்திருந்தவ நான். பிளேன் டிக்கெட் எடுத்தா மொத நாள் ராத்திரி தூங்கவே மாட்ட."

"பின்ன ஏன் ஒண்ணும் கேக்கல?"

"நீயா சொல்லுவன்னு பாத்தேன். பயப்படறது உன் இஷ்டம், ஸ்டைனார். ஆனா அந்தப் பிளேனைக் கண்ணால பாத்துக்கிட்டே அவ என்கிட்ட ரத்தாயிடுச்சுன்னு சொன்னா பாரு. என் மூஞ்சியப் பாத்து. உன்னை நான் திட்டிடக் கூடாதுன்னு. அது அவ வயசுக்கு செய்யற வேலையா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. 

ரூனாவுக்குப் பயம் என்பது தோர்டிஸுக்குத் தெரியாது.  நான் சொன்னதும், "நான் தினமும் அவகூட இருக்கேன், எனக்கே தெரியல பாரு," என்றாள்.  இனி அவளைத் தனியாக ஏற்றப் போவதில்லை என்றாள்.

"வேண்டாம். நான் வரேன். இருபத்து மூணாம் தேதி நான் பறந்து வந்து அவளைக் கூட்டிட்டு வரேன்."

"பஸ்ல வாயேன், லீவு போட்டுட்டு. யாரு வேண்டாம்னா?"

"இல்ல. இந்த ஒரு தடவை இதுலதான்."

அவள் "பாக்கலாம்" என்றாள். பார்க்கலாம் என்று சொல்ல அவளுக்கு எல்லா உரிமையும் உண்டு.

பிப்ரவரி 20, செவ்வாய்

எய்னோவிடம் வயிற்று வலி இல்லை என்று சொன்னேன்.

"தெரியும்டா. வயித்து வலிக்காரன் மூஞ்சியா அது?" என்றான். பிறகு, "நம்ம வண்டி பள்ளத்துல சாஞ்சப்பக்கூட ஜன்னல்ல கால வச்சு காபி குடிச்சவன் நீ. இதுக்குப் போயா?" என்றான். சிரித்தான். நானும் சிரித்தேன், இந்த முறை எய்னோவை விடக் கொஞ்சம் சின்னதாக. வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் என் பாதையையும் அவனே எடுத்துக்கொள்கிறானாம்.

ரூனாவிடம் சொல்லிவிட்டேன். "சரி," என்றாள். அவ்வளவுதான். குதிக்கவில்லை, கூவவில்லை. குதித்து ஏமாந்தது போதும் என்று இருக்கும்.

பிப்ரவரி 23, வெள்ளி

கிர்கெனெஸ் விமான நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். மாலை. ஊருக்குப் போகும் பஸ் வர இன்னும் நேரம் இருக்கிறது.

ஏறினேன். முதலில் இதை எழுதி வைக்கிறேன். ஏறினேன்.

வாசலில் ரூனாவைக் கூட்டிப் போகும் அதே பணிப்பெண். என் பெயரைப் பார்த்தவள், "ரூனாவோட அப்பாவா? வாங்க, அவ எப்பவும் உக்கார்ற சீட்டு இதுதான்," என்று முன்வரிசையைக் காட்டினாள். முழங்கால் எதிர்த் தடுப்பில் இடித்தது. கதவை மூடினார்கள். விமானம் ஓடத் தொடங்கியதும் அழ ஆரம்பித்தேன். சத்தமில்லாமல் அழ முயன்றேன், முடியவில்லை. பின்னால் யார் யார் இருந்தார்கள் என்று திரும்பிப் பார்க்கவில்லை. நாளைக்கு ஊர் முழுக்கப் பேசும், பேசட்டும். அந்தப் பெண் எதிர் இருக்கையிலிருந்து கையை நீட்டினாள். சின்னக் கை. நொறுக்கிவிடுவேனோ என்று பயந்துகொண்டே பிடித்தேன்.

தண்ணீரைத் தாண்டும்வரை வானம் தெளிவாக இருந்தது. வாட்சோ பக்கம் பனிமேகம் இறங்கிவிட்டது. கீழே இறங்கினோம், ஒன்றும் தெரியவில்லை, வெறும் வெள்ளை. என்ஜின் உறுமியது, விமானம் மேலே ஏறியது. கத்தினேன். வட்டமடித்து மறுபடி இறங்கினோம். மறுபடி வெள்ளை. மறுபடி ஏறினோம். விமானி ஒலிபெருக்கியில் ஓடுபாதை தெரியவில்லை, திரும்பிப் போகிறோம் என்றார். ஏறிய இடத்திலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள்.

சிரிப்பதா அழுவதா? ஆறு வருடம் கழித்து ஒரு நாள் ஏறினால் இப்படி. ஆனால் அதெல்லாம் பெரிதில்லை. அவளிடம் இப்போது என்ன சொல்வது? காற்று, பனி, இறங்க முடியவில்லை — இதே வாயால், இதே இடத்தில் உட்கார்ந்து. எனக்கே பொய்யாகக் கேட்கிறது. பணிப்பெண்ணைப் பேசச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். டிக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பலாமா? பெற்ற மகளுக்குச் சாட்சி தேட வேண்டிய நிலை. யார் கொண்டுவந்தது? நான்தான்.

சாட்சி எதுவும் இல்லாமல் அழைத்தேன்.

"ரூனா, இறங்க முடியலம்மா. பனி. திருப்பிக் கொண்டாந்துட்டாங்க. நான் கிர்கெனெஸ்லதான் இருக்கேன்."

"தெரியும்ப்பா. நான் ஏர்போர்ட்லதான் நிக்கறேன். ஒண்ணும் தெரியல, ஆனா சத்தம் கேட்டுச்சு. ரெண்டு தடவ மேலயே வந்துட்டுப் போச்சு." அவள் மூக்கை உறிஞ்சினாள். "அழுதியா?"

"அழுதேன்."

"கத்துனியா?"

"ரெண்டு தடவ."

"நான் கீழ நின்னு அம்மாகிட்ட சொன்னேன், அப்பா இப்பக் கத்தறாருன்னு."

 கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நான் உள்ள இருந்தேன்னு உனக்கு எப்படிம்மா தெரியும்? அன்னிக்கு மாதிரி இன்னிக்கும் ஏறாம இருந்திருக்கலாம்ல?"

"நீதானே வரேன்னு சொன்ன," என்றாள்.

நாளைக் காலை வாட்சோ போகும் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்.